பிரேக் பிடிக்கிறவன்

எஞ்சின் ஓடாத விமானத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. முன்னால் டிராக்டர், நடுவில் ஓர் இரும்புத் தண்டு, பின்னால் மலை மாதிரி விமானம். அப்படித்தான் அதைப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு இழுத்துப் போவார்கள். தண்டு கழன்றால் விமானம் நேராக டிராக்டர்காரர் முதுகில் வந்து ஏறும். அதனால் விமானி அறையில் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். கீழே இருந்து ஹெட்செட்டில் "புடி" என்று குரல் வந்தால் அவன் பிரேக்கை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

இங்கே அந்த வேலையைப் பார்த்தவனுக்குத் தொடைநடுங்கி என்று பெயர். பெயர் வைத்தவர் டிராக்டர்காரர், அவனுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடச் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டார். "உன் தம்பி இன்னிக்கும் பயந்து செத்தான்டி" என்று அவர் ஆரம்பித்தால் அக்காவும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் பேச்சு தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கண்டுபிடித்த விளையாட்டு இது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டில் அலறுவார்: "தண்டு போச்சுடா! புடி! புடி!" மேலே அவன் பதறிப்போய் மிதிப்பான். விமானம் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். இரண்டு இறக்கைப் பக்கமும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவரும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேடுகெட்ட விளையாட்டுக்கும் எப்படியோ ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தை அந்தக் கூட்டத்தில் எவனும் யோசிக்கவில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு இருப்பது, முன்கூட்டியே ஏற்றி வைத்த அழுத்தம் மட்டும்தான். ஒவ்வொரு மிதிக்கும் அது குறையும். தீர்ந்துவிட்டால், கரண்ட் வண்டியை வரவழைத்துப் பம்பை ஓட்டித்தான் மறுபடி ஏற்ற முடியும். அந்த அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

அன்று காலை முதலே டிராக்டர்காரர் நல்ல குஷியில் இருந்தார். கிளம்பியதும் ஒரு தடவை கத்தினார். வளைவில் இன்னொரு தடவை. வண்டிப்பாதையைத் தாண்டும்போது மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அவன் மிதித்தான், ஒவ்வொரு தடவையும் தண்டை மாட்டியிருந்த முளை கிறீச்சிட்டது.

"மாமா, பிரஷர் இறங்கிட்டே வருது. கொஞ்சம் நிறுத்துங்க. கரண்ட் வண்டியக் கூப்பிட்டுக்கலாம்."

"ஆரம்பிச்சுட்டான்யா! ஏன்டா, பாத்ரூம் வருதா?"

"நெஜமா சொல்றேன் மாமா. இன்னும் ஒரு மிதிதான் தாங்கும். எறக்கம் வேற வருது."

கொட்டகை வாசலுக்கு முன்னால் தரை சரிந்து இறங்கும். அங்கே நிறுத்தக் கூடாது, பிரேக் இல்லாமல் இறங்கவும் கூடாது. டிராக்டர்காரருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சரிவு தொடங்கிய இடத்தில் தொண்டை கிழியக் கத்தினார்.

"தண்டு போச்சு! ஐயோ, புடிடா!"

அவன் கால் பிரேக்கின் மேல் தயங்கியது. பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் நிஜமாக இருந்தால்? கீழே உட்கார்ந்திருப்பது அக்காவின் வாழ்க்கை. எப்படி மிதிக்காமல் இருப்பான்? மிதித்தான். விமானம் குலுங்கி நின்றது. கீழே சிரிப்பு வெடித்தது. முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

"மாமா, பிரேக் இல்ல. சுத்தமா இல்ல. கட்டை வைக்கச் சொல்லுங்க. அசைக்காதீங்க!"

"பிரேக் இல்லையாம்டா!" என்று இறக்கை ஆட்களிடம் கத்திவிட்டு, அவர் டிராக்டரை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். இவனை இன்னும் கொஞ்சம் நடுங்க வைக்கலாம் என்று அடுத்த நொடியே சடாரென்று பிரேக் போட்டார். அத்தனை குலுக்கலுக்கும் நைந்து போயிருந்த முளை, அப்போதுதான் முறிந்தது.

மேலிருந்து அவனுக்குத் தெரிந்தது. தண்டு ஒரு பக்கமாக விழுந்து தரையில் இழுபட்டது, டிராக்டரின் முதுகு நெருங்கி வந்தது. பிரேக்கை மிதித்தான். எதிர்ப்பே இல்லாமல் கால் உள்ளே போனது. மறுபடி மிதித்தான்.

"மாமா, தண்டு போச்சு! குதிங்க! குதிங்க மாமா!"

ஹெட்செட்டில் சிரிப்பு கேட்டது. "எங்கிட்டயேவா? எனக்கேவாடா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனுஷன்.

இறக்கை ஆட்களில் ஒருவன் விசில் ஊதியபடி ஓடிக் கட்டையைச் சக்கரத்தின் முன் எறிந்தான். அது சறுக்கி வெளியே பறந்தது. இன்னொருவன் குனிந்து கையாலேயே தள்ளி வைத்த கட்டையில் சக்கரம் ஏறி, யோசித்து, நின்றது. அதற்குள் விமானத்தின் மூக்கு டிராக்டர்காரரை ஸ்டியரிங்கோடு சேர்த்து நசுக்கியிருந்தது. உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "அந்த நாய் வேணும்னே புடிக்கல." விளையாட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. சிரித்தவர்களும் சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியின் முன்னால் அத்தனை பேரும் ஒரே வாயாக, "அவன் பயந்தாங்கொள்ளி சார், கையும் காலும் ஓடியிருக்காது" என்றார்கள். அதிகாரிக்கும் வேலை சுலபமாக முடிந்தது. அவனுக்கு வேலை போனது.

அக்கா அவனை வார்டுக்கு வெளியே சுவரோரம் நிறுத்திக் கன்னத்தில் அறைந்தாள். அவன் கையால் தடுக்கவில்லை.

"ஒரே ஒரு வேலைடா உனக்கு. அவர் கூப்பிட்டா புடிக்கணும். புடிச்சியா இல்லையா?"

"கூப்பிட்டப்பல்லாம் புடிச்சேன்க்கா. காலைல இருந்து புடிச்சுட்டேதான் இருந்தேன்."

"அப்போ கடைசியா கூப்பிட்டப்ப என்னடா பண்ணிட்டிருந்த?"

"கடைசியா அவர் கூப்பிடலக்கா. நான்தான் கூப்பிட்டேன். அவர் சிரிச்சுட்டிருந்தார்."