நீரு குறைந்ததா?

...எதற்காகச் சிரித்தார் அந்த டாக்டர், மூன்று நாளாக ஓர் உழக்குக்கு மேல் சிறுநீர் பிரியவில்லை என்று ஒரு மனிதன் ஒப்புக்கொண்டால் அதில் மகிழ்வதற்கு என்ன இருக்கிறது என்று, மலையாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், மீனாட்சிபுரம் செல்லும் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து சென்னியப்பன் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். ‘நீரு கொறஞ்ஞோ?’ என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டதும், மனைவி மருதாத்தாளும் நர்ஸும் நிற்கையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கூசியபடிதான், ‘ரொம்பவே கொறஞ்சு போச்சுங்க’ என்று உண்மையைச் சொன்னார்... ‘நன்னாயி’, நல்லதாயிற்று என்று சிரித்தார் டாக்டர், வெளியே அத்தனை கூட்டம், மேசைக்கு அப்பாலிருந்து எழுந்துகூட வராமல், இரண்டு மாத்திரையை அரை மாத்திரையாகத் திருத்திச் சீட்டை நீட்டிவிட்டார். நீர் பிரியத்தானே அந்த மாத்திரை, குறைந்துவிட்டது என்றால் கூட்டத்தானே வேண்டும்? போன மாதம் கம்பவுண்டர் தமிழில் விளக்கினாரே, கிட்னி சோர்ந்தால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், தங்கத் தங்க அந்தப் பாரமெல்லாம் ஹார்ட்டின் மேல் ஏறும், கிட்னிக்காரர்கள் பலரை ஹார்ட்தான் கொண்டுபோகிறது என்று... அப்படியானால், இனி இந்த ஆளுக்கு மருந்து எதற்கு என்று கைவிட்டுவிட்டார்களோ?

மருதாத்தாளுக்குத் தெரிந்திருக்கும். நர்ஸிடம் ஏதோ கேட்டுவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாளே, என்ன கேட்டாய் என்றதற்கு, ‘பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டனுங்க, அதுக்குமா மொறப்பீங்க?’ என்றாளே... பத்தியத்துக்காக உப்புச் சாடியை ஒளித்து வைத்தவள் உயிர்ச் சேதியை ஒளிக்கமாட்டாளா? அழுத்திக் கேட்கவும் அவருக்குத் துணிவில்லை, விடியற்காலையில் மாட்டுத் தவிட்டுக்கென்று வைத்திருக்கும் கல்லுப்பில் ஒரு கட்டியை அவர் நாக்கடியில் ஒதுக்கிக்கொள்வது அவளுக்குத் தெரியுமோ என்னவோ, ‘செவலப் பசு உப்புப் பத்தாம மூஞ்சியத் தூக்கீட்டு நிக்குதுங்க’ என்று நேற்றுச் சொன்னாளே, பசுவைப் பார்த்தா சொன்னாள்?

‘காரணவரே, காலில் நல்ல நீருண்டல்லோ’ என்று சென்னியப்பனின் காலைப் பார்த்தார் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர். மருதாத்தாள் குனிந்து பார்த்தாள். ‘நீரா? காலு காஞ்சுதானுங்க கெடக்குது.’ கண்டக்டர் சிரித்தபடி, செருப்பு வாருக்கு மேல் பிதுங்கி நின்ற சதையை டிக்கெட் கட்டையால் சுட்டி, ‘வெள்ளமல்ல, தண்ணியல்ல அம்மே, வீக்கம்! ஞங்ஙள் இதினா நீரு என்னு பறயுக’ என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தார்.

வீக்கமா... டாக்டர் கேட்டது வீக்கத்தையா? கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார் சென்னியப்பன், குழி விழுந்தது. வீக்கம் வடிந்துவிட்டது என்றல்லவா இவரே தம் வாயால் சொல்லியிருக்கிறார், அந்த மனிதர் வேறெதற்குச் சிரிப்பார், மாத்திரையை ஏன் குறைக்கமாட்டார்... அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்ப வேண்டும், இவளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் இத்தனை பத்தியத்திலும் வீக்கம் ஏன் வடியவில்லை என்று கேட்பாளே, கல்லுப்பையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்...

‘ஏனுங்க, மூச்சு வாங்குதுங்களா?’ என்றாள் அவள்.

‘இல்ல’ என்று சொல்ல வாயெடுத்தவர், டாக்டரையும் விட்டு, இவளையும் விட்டு, நாக்கு நுனியில் நின்ற தன் சொல்லையே முதன்முதலாகச் சந்தேகித்தார். காலில் விழுந்த குழி இன்னும் தூர்ந்திருக்கவில்லை.