லத்தீனில் எழுதிய பிறந்த ஊர்

மறைமாவட்ட அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் 'லத்தீன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பட்டிக்காட்டுப் பெயருக்குக்கூடக் கோட்டு மாட்டி லத்தீனில் எழுதியிருப்பார்கள். கோட்டைக் கழற்றி, எது எந்த ஊர் என்று சான்றிதழ் எழுதித் தருவது அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு தப்புகூட வந்ததில்லை என்ற தலைக்கனமும் உண்டு.

அன்று காலை அவளுடைய அண்ணனே பென்ஷனுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். பதிவேட்டைப் புரட்டியவள், அவர் பிறந்த இடம் ஆயர், அதாவது பிஷப், இருக்கும் நகரம் என்று வாசித்தாள்.

"யாரு, நானா? நம்ம வீட்டுப் பின்கட்டுல பொறந்தவன் நான். மீசை மொளைச்ச அப்புறம்தான் நகரத்தையே பார்த்தேன்."

சிரித்துக்கொண்டே மற்ற பக்கங்களைப் பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே நகரம். அவர்கள் கிராமத்துக்கு லத்தீன் பெயர் கிடைக்காத சாமியார் ஆயரின் நகரத்தையே எழுதித் தள்ளியிருக்கிறார். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

போன வருடம் இதே பதிவேட்டைப் பார்த்துத்தான் ஒரு லாரி டிரைவருக்குச் சான்றிதழ் கொடுத்தாள். பிறந்ததுமே தத்துக் கொடுக்கப்பட்டவன். தாயின் பெயர் இல்லை, ஊர் மட்டும் இருந்தது. போன மாதம் மிட்டாயோடு வந்தான். அந்த நகரத்தில் அதே வருடம் பிள்ளையைத் தத்துக் கொடுத்த ஒரு அம்மாவைக் கண்டுபிடித்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டானாம்.

அண்ணனிடம் அதைச் சொன்னாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"விட்டுத் தொலை. ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க," என்றார் அண்ணன்.

"பெத்தவ நம்ம ஊர்ல காத்துக்கிட்டு இருந்தா?"

அவள் போனை எடுத்து லாரி டிரைவரைக் கூப்பிட்டாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "நீங்க பொறந்தது நகரத்துல இல்ல தம்பி, எங்க கிராமத்துல. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்க்கா," என்றான். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

பின்னால் ஒரு வயதான குரல் கேட்டது. "அப்ப நான் கெளம்பட்டுமா?"

லத்தீன் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, சோறு ஆறுது," என்றான் டிரைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிராமத்துக்கு எந்த பஸ்ல போகணும்க்கா? ரெண்டு பேரும் வர்றோம்," என்றான்.