எச்சில் துணி

நூரியின் விலை மூன்றரை லட்சம். புஜ் நகரத்து வியாபாரி சொன்னான், ஜூசப் சிரித்தான். இரவு மேய்ச்சல் முடிந்ததும் மற்ற நாற்பது எருமைகளையும் தானே வீடு கொண்டுவந்து சேர்க்கிற எருமையை எவனாவது விற்பானா?

"உன் புல்லட்டையும் சேத்துக் குடு, யோசிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் நூரியின் வாயில் நுரை தொங்கியது. குளம்பிடுக்கில் கொப்புளம். கோமாரி.

கட்ச் மந்தைக்காரர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. ஒவ்வொன்றாகப் படுத்தால் நோய் மாதக்கணக்கில் இழுக்கும். நோய்ப்பட்டதன் எச்சிலைத் துணியில் எடுத்து எல்லாவற்றின் வாயிலும் தேய்த்துவிட்டால் ஒரே வீச்சில் வந்து போய்விடும். போதாததற்கு, இரண்டு வருடம் முன்புதான் மந்தை முழுக்கக் கோமாரி கண்டு தேறியிருந்தது. பட்ட உடம்பு, லேசாகத்தான் வரும் என்று நம்பினான் ஜூசப்.

மனைவி ஹவ்வாபாய் துணியைப் பிடித்து இழுத்தாள். "பால்குடிக் கன்னுங்க இருக்கு. டாக்டரம்மா வரட்டும்."

"அவங்க வர்றதுக்குள்ள கன்னு பேரன் எடுத்துடும்."

கன்றுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் தேய்த்தான். கன்றுகள் குடித்ததோ அந்த மடிகளில்தான்.

மறுநாள் வந்து பரிசோதனைக்கு மாதிரி எடுத்துப்போன மாட்டு டாக்டர் ஹேதல், ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். தொழுவமே எச்சில் ஒழுக நின்றது.

"போன தடவை வந்தது 'ஓ' வகை. இது 'ஆசியா ஒண்ணு'. மொத்தம் ஏழு வகை இருக்கு, ஜூசப் பாய். ஒண்ணு வந்து போனா இன்னொண்ணு வராதுன்னு கிடையாது."

"எல்லாம் ஒரே கோமாரிதானே, ஹேதல் பென்?"

"குடும்பம் ஒண்ணுதான். ரொம்பச் சின்ன வைரஸ். மேல ஒரு ஓடு, உள்ள ஒத்தை ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். சளியில பாதி, காமாலையில ஒரு வகை, எல்லாம் அதுக்குப் பங்காளிங்க." அவன் சூம்பிய இடது காலைப் பார்த்துத் தயங்கினாள். "போலியோவும்தான்."

"அப்ப நம்ம வீட்டுக்குப் பழைய விருந்தாளி." அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "கன்னுங்க?"

"பெரிசுங்க பிழைச்சுக்கும். கன்னுக்கு இதயத்துல இறங்கும். வந்தப்புறம் ஊசி எதுவும் கேக்காது."

மறுநாள் காலையில் முதல் கன்று மடியை முட்டியபடியே சரிந்தது. ஹவ்வாபாய் மண்வெட்டியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜூசப்புக்கு.

மாதக் கடைசியில் அவள் எண்ணிச் சொன்னாள்: "எருமை நாப்பத்தொண்ணு, நிக்குது. கன்னு பத்தொம்பதுல புதைச்சது எட்டு. அதுல நோய் எடுத்தது எத்தனை, நீ குடுத்தது எத்தனைன்னு நீயே பிரிச்சுச் சொல்லு."