கட்டைக்காரரின் கை

லாரி ஓட்டப் போன முதல் நாளே அந்தப் பையனுக்குக் கோணல் என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டில் அவன் சின்னவன். அக்காவுக்கு ஒரே தம்பி. லைசென்ஸ் கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் முதலாளி முன்னால் போய் நின்று, என் மச்சான்தான், நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை அது. சாப்பாடு, படுக்கை எல்லாம் அக்கா வீட்டில்தான். முன்னறையில் தையல் மெஷினுக்கு அடியில் தலையும் வெளியே காலுமாகப் படுப்பான். திரும்பிப் படுத்தால் பெடலில் மண்டை இடிக்கும்.

மாமா அதே கம்பெனியில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அவருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, கட்டைக்காரர். அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் கண்ணுகளா, மற்றது உங்களுக்குப் புரியும்.

சரக்கு ஏற்றும் மேடை இடுப்பளவு உயரம். லாரி பின்பக்கமாக வந்து மேடையை ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளிக்கு மேல் ஓர் இரும்புப் பலகையைப் போட்டு, தள்ளுவண்டியில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், வருவார்கள். அந்த நேரத்தில் லாரி அசைந்தால் பலகை விழும், மேலே இருக்கிற ஆளும் விழுவார். அதனால் இரண்டு காவல். டிரைவர் சாவியைக் கழற்றி ஏற்றுகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பிறகு சக்கரத்துக்கு முன்னால் ஒரு முக்கோணக் கட்டையைச் சொருகுவார். மற்றவர்கள் அவசரத்தில் கட்டையை விட்டுவிடுவார்கள். மாமா ஒருநாளும் விட்டதில்லை. முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும், இருங்க, கட்டை வெச்சுட்டு வரேன் என்பார். கேலியாக வைத்த பேர்தான். ஆனால் அவர் ஏற்றுகிற வண்டி என்றால் கூட வேலை செய்கிறவர்கள் நிம்மதியாக உள்ளே போவார்கள்.

சின்னவனுக்குக் கொடுத்த லாரியை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வண்டிக்கு மாறிப் போனார். போகிறபோது அவன் காதோரம் ஒரு விஷயம் சொன்னார். வெயில் நேரத்தில் மேடையில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் கேபினில் வெந்து போவாய், சாவி மேடையில் இருக்கும், ஃபேன் போட முடியாது, அதற்குத்தான் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கிற மடிப்புக்குள் ஒன்று வைத்திருக்கிறேன் என்றார். சின்னவன் மடிப்பைத் திறந்து பார்த்தான். இன்னொரு சாவி. எல்லா டிரைவரிடமும் இப்படி ஒன்று இருந்ததாம். ஏற்றுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

முதல் நாள் வண்டியை மேடையில் நிறுத்துவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இப்படி ஒடித்தான், அப்படி ஒடித்தான், கடைசியில் வண்டி கோணலாகத்தான் நின்றது. மேடையில் இருந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டி நேராத்தான் இருக்கு, மேடையைக் கட்டினவன்தான் கோணலா கட்டிட்டான் என்றார் ஒருத்தர். மாமாவும் சிரித்துவிட்டு, கைநீட்டி சாவியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சின்னவன் கேபினில் ஏறி உட்கார்ந்தான். ஃபேன் போடத்தான் அந்தச் சாவியை எடுத்தான், அது சத்தியம். பின்னால் பலகை தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஏற்றி முடித்துவிட்டார்கள் என்று நினைத்தான். முடிந்திருந்தால் மாமா வந்து சாவியைக் கொடுத்திருப்பார் இல்லையா? அது அவனுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. கையில்தான் ஒரு சாவி இருந்ததே. சூப்பர்வைசர் வந்து பார்ப்பதற்குள் ஒரு முழம் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டால் கோணல் என்ற பேர் போய்விடும் என்றுதான் பட்டது. இஞ்சினைப் போட்டான். அக்கம்பக்கத்தில் இரண்டு லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வண்டி ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு மனுஷக் குரல்.

மாமா தண்ணீர் குடிக்க நின்றிருக்கிறார், அவ்வளவுதான். குடித்துவிட்டுத் தள்ளுவண்டியோடு பலகைமேல் கால் வைத்த நேரம்.

சின்னவன் இஞ்சினை நிறுத்தினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் இறங்கி ஓடினான். அந்த வரிசையை அவன் பின்னால் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தான். முதலில் சாவி, பிறகுதான் மாமா.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. தூக்கிக்கொண்டு போனபோதும் அவர் கழுத்தில் சாவி ஆடிக்கொண்டிருந்தது, அதை எல்லோரும் பார்த்தார்கள். சாவி அங்கே இருக்கும்போது வண்டியை யார் எடுத்திருக்க முடியும்? தானாக உருண்டிருக்கிறது என்றார் சூப்பர்வைசர். அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் பழசு, பாரம் ஏறினால் வழுக்கும், அதற்குத்தானே கட்டை. கட்டை எங்கே என்று தேடினார்கள். சக்கரத்தைவிட்டுத் தள்ளி ஓரமாகக் கிடந்தது. கட்டைக்காரரே கட்டை வைக்க மறந்துவிட்டார் என்று முடிவாயிற்று. யாரும் கோணலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், முதல் நாள் இப்படி ஆகிவிட்டதே என்று ஒருத்தர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தான்.

ஆஸ்பத்திரியில் அக்கா தலைமாட்டில் நின்றிருந்தாள். மாமா இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கடா மச்சான். உன் முதல் நாளை நான் கெடுத்துட்டேன். கட்டை வெச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா நேத்து வெச்சதா, இன்னிக்கி வெச்சதான்னு தெரியல."

தினமும் செய்கிற வேலையில் இதுதான் கஷ்டம். கை தானாகச் செய்துவிடும், மனசு குறித்து வைத்துக்கொள்ளாது. இன்று காலை வாசல் கதவைச் சாத்தினீர்களா என்று உங்களைத் திடீரென்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சின்னவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, எல்லோரும் வெளியே போங்கள் என்றாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மாமா வேறு ஆளாகத்தான் வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், அணைத்தோமா என்று பார்ப்பார். வந்து உட்காருவார். மறுபடி எழுந்திருப்பார். குழாய், தாழ்ப்பாள், இஸ்திரிப் பெட்டி, எதையும் அவர் கை செய்ததாக அவர் நம்பவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, நீ ஒருவாட்டி பார்த்துடு என்பார். அவளும் முதலில் கேலி செய்துகொண்டுதான் போய்ப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்ப் பார்த்தாள். எலும்பு கூடிக்கொண்டுதான் வந்தது, ஆனால் மேடைக்குத் திரும்பிப் போகிற பேச்சை அவர் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் பார்க்க வந்தபோது, குணமானதும் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் பார்க்கிற வேலை தருகிறோம், மேடை வேண்டாம் என்று பதமாகத்தான் சொன்னார். மாமா சரி என்று தலையாட்டினார். ஆளுங்க என்னை நம்பி உள்ள போறாங்க, இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் போறது என்றார்.

சின்னவன் நன்றாக ஓட்டப் பழகிவிட்டான். வண்டி இப்போது நூல் பிடித்த மாதிரி மேடையில் நிற்கும். ஆனாலும் கோணல் என்றுதான் கூப்பிட்டார்கள், அவனுக்கும் அந்தப் பேர் பொருத்தமாகத்தான் பட்டது. ஒவ்வொரு நாளும் மாமா இடத்துக்குப் புதிதாக வந்த ஆள் சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அந்த மனுஷனின் நம்பிக்கையைப் பார்க்க முடியாமல் இவன் வேறெங்காவது பார்ப்பான். மறு சாவியைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவும் முடியவில்லை, மடிப்பில் திரும்ப வைக்கவும் முடியவில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

ஒருநாள் அக்கா துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அதை எடுத்து அலமாரியில் வைத்திருந்தாள். அவன் வேலை முடிந்து வந்ததும், "வண்டிச் சாவியை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டியேடா, அப்புறம் எப்படி ஓட்டினே?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். அது வேறு ஏதோ பழைய பூட்டோடது என்று சொல்லி எடுத்துக்கொண்டான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன்தான் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்தான்.

மாவுக்கட்டு பிரித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, நாளைக்கு ஆபீசுக்குப் போய் கேட் வேலைக்கே சரி சொல்லிவிட்டு வரப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்க எழுந்தார். கொஞ்ச நேரம் முன்புதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா, கட்டையை நீங்க வெச்சீங்க."

அவர் நின்றார். "உனக்கு எப்படிடா தெரியும்? நீ கேபின்லதான இருந்தே."

"அதனாலதான் தெரியும். நான்தான் அது மேல வண்டியை ஏத்தினேன்."

சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். மடிப்பு, ஃபேன், கோணலை நேராக்கப் பார்த்தது, எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொன்னான். மாமா மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை.

"வெச்சிருந்தேனா?"

"வெச்சிருந்தீங்க மாமா."

"சரியா வெச்சிருந்தேனா?"

"ஏறி இறங்கறப்ப வண்டியே குலுங்குச்சு. அவ்வளவு இறுக்கமா இருந்துச்சு."

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காணாமல் போன ஒன்று வீடு வந்து சேர்ந்த மாதிரி. அக்காவின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. துணி எப்போதோ நகர்ந்து விழுந்துவிட்டது, வெறும் ஊசி குத்திக்கொண்டிருந்தது. அவள் காலை எடுத்தாள்.

"எப்படி ஓட்டினேன்னு நான் அன்னிக்கே கேட்டேனேடா" என்றாள்.

கோபம் பிறகு வந்தது. மாமா கத்தவில்லை, சாவியை அவன் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஆபீஸ்ல நீயே சொல்லு. நான் கூட வருவேன்னு பாக்காத."

"வேலை போயிடும் மாமா. லைசென்ஸும் போகலாம்."

"போகட்டும். மடிப்புக்குள்ள எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்குங்கறதையும் சேர்த்துச் சொல்லு. உள்ள போறவனுக்குத் தெரியணும்."

சின்னவன் தலையாட்டினான்.

மாமா எழுந்து அடுப்படிக்குப் போனார். டீ போட்டார். தனக்கு ஒரு டம்ளர், அக்காவுக்கு ஒரு டம்ளர். சின்னவனுக்கு ஊற்றவில்லை. அது நியாயம்தானே, கண்ணுகளா. அடுப்பை அணைத்தார், இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு நொண்டியபடி முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்தார். டம்ளர் காலியாகிற வரை எழுந்திருக்கவில்லை. காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

சின்னவன்தான் ஒருவாட்டி எழுந்து போய் எட்டிப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது.