பதினோரு காலண்டர் தாள்கள்

ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓய்வெடுக்காத இயந்திரம் கிடையாது. லேத்து, கம்ப்ரசர், காப்பி மெஷின் வரை அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். வால்வு செய்யும் அந்தக் கம்பெனியில் இந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான், பக்தி முற்றிப்போய், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டியையும் அணைத்துப் பொட்டு வைத்துவிட்டான். ஒன்பது வருடமாக நிற்காமல் ஓடிய பெட்டி அது. விடுமுறை முடிந்து காலையில் சுவிட்சைப் போட்டபோது விளக்கு மட்டும் எரிந்தது. அறுபது போன்களில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

ரிசப்ஷனில் இருக்கும் சித்ரா, அந்தப் பெட்டிக்கு சர்வீஸ் பார்க்கும் ஜாகிரைத் தன் செல்போனிலிருந்து கூப்பிட்டாள். பூந்தமல்லியிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றான். அவன் சொந்தமாக சர்வீஸ் தொழில் தொடங்கியபோது கிடைத்த முதல் கம்பெனி இது. மேனேஜர் ஜம்புலிங்கம் பெரிய சர்வீஸ் கம்பெனி ஆட்களைப் போடலாம் என்றபோது, இவர் சொன்ன நேரத்துக்கு வருவார் சார் என்று மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவள் சித்ரா.

ஜாகிர் பெட்டியைத் திறந்தான். மெமரி கார்டு செத்துப்போயிருந்தது. எந்த எண் யாருடையது, வெளியிலிருந்து வரும் அழைப்பு யாருக்குப் போகவேண்டும் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. புதுக் கார்டு அவன் பையிலேயே கிடந்தது. விவரத்துக்குத்தான் வழியில்லை. மாதாமாதம் வந்து அதை லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்கவேண்டியது அவன் வேலை. வருவதில் குறை வைக்கவில்லை. நகல் எடுக்க முக்கால் மணி நேரம் பெட்டி முன்னால் குந்தியிருக்க வேண்டும். நசரத்பேட்டையில் அடுத்த வேலை காத்திருக்கும். நன்றாக ஓடுகிற பெட்டிக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று, சர்வீஸ் சீட்டில் 'பேக்கப் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். லேப்டாப்பில் இருந்த ஒரே நகல் போன வருட ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எடுத்தது.

சித்ரா பக்கத்தில் வந்து நின்றாள். ஜாகிருக்கு வாய் தானாகவே பொய் சொன்னது. கடைசியாக எடுத்த ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கின்றன, பழையது ஒன்றுதான் திறக்கிறது என்றான். இந்தக் கம்பெனி கைவிட்டுப் போனால் தாங்கிக்கொள்ளலாம். இவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"சரி, கீற பழசையே ஏத்துங்க. மீதிய பாத்துக்கலாம்" என்றாள் அவள், அலட்டிக்கொள்ளாமல்.

ஏற்றினான். போன்கள் உயிர்பெற்றன, ஆனால் போன வருடத்தில் உயிர்பெற்றன. மே மாதமே ரிட்டயராகி வீட்டுக்குப் போய்விட்ட வீராசாமியின் பெயர் ஸ்டோர்ஸ் போனில் பளிச்சென்று வந்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி அடித்தால் கேன்டீனில் எடுத்தார்கள். இரண்டு மணிக்கு வெளியூர் டீலர்கள் கூப்பிட ஆரம்பிப்பார்கள், அதற்குள் சரியாக வேண்டும் என்று ஜம்புலிங்கம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

சித்ரா மேஜைக்கடியிலிருந்து பில் குத்தும் கம்பி ஒன்றை எடுத்து வைத்தாள். கம்பி நிறையக் காலண்டர் தாள்கள். தினமும் ஐந்தரைக்குக் கிளம்பும்போது அன்றைய தாளைக் கிழித்து, அன்று நடந்ததைப் பின்பக்கம் எழுதிக் குத்திவிட்டுப் போவது அவள் வழக்கம். தேதி தனியாக எழுதவேண்டாம் பாருங்கள், அதுதான் சௌகரியம். ஆபீசில் எல்லோரும் அதைக் கிண்டல் செய்வார்கள். இப்போது ஒரு வருட மாற்றங்களும் அந்தக் கம்பியில் இருந்தன. ஜாகிருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாள்களைத் திருப்பிப்போட்டு, பழையதிலிருந்து அவள் வாசிக்க வாசிக்க அவன் தட்டினான். இருநூற்றுப் பதினாலாம் எண் போன் கோபிக்கு மாறியது. கேட் அழைப்பு ரிசப்ஷனுக்கு. நடுவே ஒரு நவம்பர் தாள் வந்தது.

"ஜாகிர் வந்தார். பேக்கப் எடுத்தாச்சு என்றார்" என்று அதே குரலில் வாசித்து, அடுத்த தாளுக்குப் போனாள்.

டிசம்பரில் அதே வரி வந்தது. ஜனவரியிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஜாகிரின் விரல் விசைப்பலகையில் நின்று நின்று நகர்ந்தது. மார்ச்சில் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, ஃபைல் எதுவும் கெட்டுப்போவல. நான் எடுக்கவே இல்ல. பதினோரு மாசமா சும்மாதான் எழுதிக்கினு போனேன்."

சித்ரா கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"இத இன்னாத்துக்கு எழுதி வெச்சேன் தெரியுமா?" என்றாள். "என்னிக்காச்சும் எதுனா ஆயி, சார் உங்கமேல பாய்ஞ்சா, எடுத்துக் காட்டலாம்னுதான்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து கார்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். அவள் அடுத்த தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அதன்பின் அந்த வரி வந்த தாள்களை மட்டும் வாசிக்காமல், ஏற்கெனவே வாசித்த அதே வரித் தாள்களோடு சேர்த்துத் தனியாக எடுத்து வைத்தாள். ஒன்றரைக்கெல்லாம் கோபி தன் பெயரிலேயே பேசினான், கேட் மணி ரிசப்ஷனில் அடித்தது. ஜம்புலிங்கம் இன்டர்காமில் கூப்பிட்டு, சபாஷ், என்னதான் ஆயிற்றாம் என்று கேட்டார். சித்ரா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஜாகிரைப் பார்த்தாள்.

ஜாகிர் எழுந்தான். சுவரிலிருந்த காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினான்: 'பேக்கப் பதினோரு மாதமாக எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. ஜாகிர்.' தனியாக வைத்திருந்த பதினோரு தாள்களின் மேல் அதையும் வைத்துக்கொண்டான்.

"நானே நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லுங்கக்கா" என்றான். "அதுக்கு முன்னாடி இன்னிக்கி பேக்கப்ப போட்டுட்டுப் போறேன்."

அவள் அப்படியே சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் பெட்டி முன்னால் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.