விட்டுவிட்டுப் போட்ட கோடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத வேண்டியது இந்தக் கதையை அல்ல. ஒரு பக்க அறிக்கையை. விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறது. இன்று புதன். அறிக்கைக்காகத் திறந்த பக்கத்தில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே வரைபவள், கட்டட எஞ்சினியர். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

தொடக்கம், முதல் முயற்சி:

பால்கனி இடிந்து விழுந்த அன்று வானம்...

வேண்டாம். வானத்துக்கு இதில் பங்கில்லை.

இரண்டாம் முயற்சி:

மேஸ்திரியின் தம்பி முட்டுக்கால்களைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது...

இது சரி. ஆனால் இதற்கு மேல் அழகாக எழுத வரவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வயது. எல்லோரும் சின்னவர் என்பார்கள். கான்கிரீட் போட்ட இருபத்தோராம் நாள், அவசரப்படாமல், முறைப்படிதான் முட்டுக்கொடுத்த கால்களை எடுத்தார்கள். கடைசி முட்டுக்காலை உருவியதும் பால்கனி சுவரோரம் பிளந்து, அப்படியே மடிந்து இறங்கியது. சின்னவர் அடியில் நின்றிருந்தார்.

2

கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை நிற்காது.

கையை நீட்டி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தோளின் மேல்புறம்தான் இழுக்கும். பால்கனியும் அப்படித்தான். கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் இழுபடும் மேல்புறத்தில் கம்பி வைக்க வேண்டும். அறைகளின் தளத்துக்கு நேர்மாறு. அங்கே கம்பி அடியில். எங்கள் ஆபீஸ் வரைபடத்தில் அடிக்கம்பி என்றால் முழுக்கோடு, மேல்கம்பி என்றால் விட்டுவிட்டுப் போகும் கோடு.*

* அந்த இடைவெளி, கம்ப்யூட்டரில் நாம் கொடுக்கும் ஓர் எண். எண் தவறினால், திரையில் விட்டுவிட்டுத் தெரியும் கோடு தாளில் முழுதாக விழும். புதிதாக வேலைக்கு வருபவர்களை நான் முதலில் எச்சரிப்பது இதைப் பற்றித்தான். பதினாறு வருஷமாக எச்சரிக்கிறேன்.

3

மேஸ்திரி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு மனிதரை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? அதனால் ஒரு பிரதியில் அவரைக் குடிக்க வைத்தேன். (அவர் குடிப்பதில்லை.) இன்னொன்றில் கம்பியைத் திருட வைத்தேன். (வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

நேற்று மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து நாலாக மடித்த வரைபடத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் சிமெண்டுத் தூள்.

"மேடம், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நான் எங்க தப்பு பண்ணேன்?"

"இப்ப எதுக்கு மேஸ்திரி அதெல்லாம்..."

"தம்பி பொண்டாட்டி என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்குறா. இருபத்தஞ்சு வருஷமா கம்பி கட்றேன். ஒரு பால்கனிக்குக்கூட அடில போட்டதில்ல. இதுக்கு மட்டும் எப்படிப் போட்டேன்னு எனக்கே புரியல."

விரித்துப் பார்த்தேன். பால்கனியில் கோடு முழுதாக இருந்தது. ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை.

"எங்கிட்ட இருக்கட்டும். பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க பாத்தா சரியா இருக்கும் மேடம்" என்று எழுந்து போனார்.

கட்டட வேலைக்குப் போன ஒரே பிரதி அது. இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ளதைப் போன வாரமே திருத்தியாகிவிட்டது. "சரி பண்ணி வைம்மா, இத்தன பேருக்குப் பொழப்பு இருக்கு" என்றார் எங்கள் ஆபீஸ் முதலாளி. தும்பை விட்டு வாலைப் பிடித்தேன். நானேதான் பிடித்தேன், யாரும் என் கையை முறுக்கவில்லை.

4

[மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.]

கம்பி கட்டிய அன்று மேஸ்திரி போன் செய்தார். நான் ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவர்க் கணக்கில் மூழ்கியிருந்தேன்.

"மேடம், பால்கனிக்குக் கம்பி மேலதான வரும்?"

"படத்துல எப்படி இருக்கு?"

"அடில போட்டிருக்கு."

"அப்ப படத்துல இருக்கறபடியே போடுங்க. ஆளாளுக்கு எஞ்சினியர் ஆயிட்டா எப்படி?"

சிரித்தார். "சரி மேடம்" என்றார்.

கான்கிரீட் போடும் முன் நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. தொட்டிக் கணக்கு முடியவில்லை.

நேற்று அந்தப் போனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் மறந்துவிட்டாரா, என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாரா, தெரியவில்லை. கேட்கத் தைரியமில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இதை நாசூக்காகச் சொல்ல முயன்று மூன்று வாக்கியங்களை அடித்தேன்.

5

முடிவு அ: வெள்ளிக்கிழமை தாளை விரித்து வைக்கிறேன். போனைப் பற்றியும் சொல்கிறேன். என் வேலை போகும், ஜெயிலும் வரலாம். மேஸ்திரி தலைநிமிர்ந்து தம்பி வீட்டுப் படியேறுவார். அந்த வீட்டில் தம்பி இருக்க மாட்டார்.

முடிவு ஆ: தாள் தொலைந்துவிடுகிறது. குழு கேட்கும்போது மேஸ்திரி, "என் தப்புதாங்க" என்கிறார். அவரே அதை நம்பவும் தொடங்கிவிட்டார். இந்த முடிவை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு இ: கதையாக எழுதினால் ஒப்புக்கொண்டது போலவும் ஆகும், கதைதானே என்பதால் ஒப்புக்கொள்ளாதது போலவும் ஆகும். நான் இப்போது ஒளிந்திருப்பது இங்கேதான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அறிக்கை முடிஞ்சுதா?"

"எழுதிட்டே இருக்கேன்."

"ஒரு பக்கந்தானே?"

ஆமாம், ஒரு பக்கம்தான். அதில் இதுவரை தயாராக இருப்பது கையெழுத்துக்கான கோடு மட்டும். அதை விட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். என் திரையில் அப்படித்தான் தெரிகிறது. உங்கள் கையில் இருப்பதில் எப்படி விழுந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

________________________