இலையையும் சேர்த்துச் சாப்பாடு

ஜெயமணி மெஸ்ஸில் திங்கட்கிழமை மீன் சாப்பாடு கிடையாது என்றபோது தீவின் அபர்தீன் பஜாரில் யாரும் நம்பவில்லை. மணிக்கூண்டை இடம் மாற்றப் போகிறார்கள் என்றிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கி வரும் ஆபீஸ்காரர்கள், பெங்காலிக் கடைக்காரர்கள், தெலுங்கு காண்ட்ராக்டர்கள், அத்தனை பேருக்கும் மத்தியானம் என்றால் கடைக்காரி ஜெயமணியின் சூரை மீன் குழம்புதான். அந்தக் கடை வாசலில் வெள்ளிக்கிழமை ஒரு புதுப் பலகை ஏறியது. 'எத்தியோப்பிய மதிய பஃபே, திங்கட்கிழமை முதல்.' தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் யாருக்கும் புரியவில்லை.

மாட்டியவன் அவள் புருஷன் மிக்கேல். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து, வலையைப் பிடிக்காமல் கரண்டியைப் பிடித்தவன். அடிஸ் அபாபாவில் ஒரு வடநாட்டு முதலாளியின் ஹோட்டலுக்கு இந்தியச் சமையல் செய்யப் போனான். வந்தவர்களுக்கெல்லாம் பட்டர் சிக்கன் செய்து போட்டுவிட்டு, தான் மட்டும் உள்ளே அந்த ஊர்ச் சமையல்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதற்கே அடிமையாகிவிட்டான். வருஷத்துக்கு ஒரு மாதம் பஜாருக்குப் பக்கத்து ஷாதிபூர் வீட்டுக்கு லீவில் வருவான். ஜெயமணி பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்து ஊற்றினால், "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க ஒரு கோழிக் குழம்பு வைப்பாங்க பாரு" என்று ஆரம்பிப்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை லீவு முடிந்தும் அவன் பெட்டியைக் கட்டவில்லை. முதலாளி போன்மேல் போன் போட்டார். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார்.

"எனக்குத் திரும்பிப் போகப் பிடிக்கல, ஜெயமணி."

அப்படியானால் போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "இங்க இருந்து என்ன செய்வீங்க? மீன் வெட்டுவீங்களா?" என்றாள். அவள் வாய் அப்படி.

"மீனை நீ என்னைவிட நல்லா வெட்டுவ. எனக்குத் தெரிஞ்சதைச் செய்ய ஒரு இடம் வேணும்லா? ஒரே ஒரு மத்தியானம் கடையை என்கிட்ட குடு. நம்ம ஆளுங்க சாப்பிட்டாங்கன்னா இருக்கேன். இல்லன்னா அன்னைக்கே வாரேன்னு சொல்லிட்டுப் போயிருதேன்."

கொடுத்தாள். கடைமேல் அவளுக்கு உயிர். ஆனால் வருஷத்தில் பதினோரு மாதம் ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. இதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம் சொல்வாளா?

மாவிலேயே சண்டை தொடங்கியது. இஞ்செரா என்று ஒன்று. தாம்பாளம் அகலத்துக்குத் தோசை, ஒரு பக்கம் மட்டும் வேக வைத்து, மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். அதற்கான தானியம் மெயின்லேண்டிலேயே கிடைப்பது கஷ்டம் என்பதால் மிக்கேல் கேழ்வரகையும் அரிசி மாவையும் கலந்து மூன்று நாள் புளிக்கவைத்தான். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு வசந்தகுமாரி வந்து, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"மூணு நாள் புளிச்ச மாவை நாங்க கீழ ஊத்துவோம். நீங்க போர்டு மாட்டி விக்கப் போறீங்க" என்றாள் ஜெயமணி. அதில் ஒரு விள்ளல்கூட வாயில் வைக்கவில்லை.

அடுத்த சண்டை தட்டில். அந்த ஊரில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுவார்களாம்.

"எச்சில் தட்டா? தினம் வர்ற சண்முகம் சார் வாசல்லயே செத்துருவார். ஆளுக்கு ஒரு தட்டு குடுத்து, வேணுங்கிறதை அவங்களே எடுத்துக்கச் சொல்லுங்க." பஃபே பிறந்தது இப்படித்தான்.

"சரி. குர்ஷாவாவது உண்டா?" என்றான். குர்ஷா என்றால், மரியாதைக்குரியவருக்கு நம் கையாலேயே உருட்டி வாயில் ஊட்டுவது. ஒரு வாயோடு நிறுத்தக்கூடாது, மூன்று வாய் ஊட்டவேண்டும்.

"பஜார் நடுவுல எவன் வாயிலயாவது கையை வச்சீங்க, அந்தக் கையை உடைச்சிருவேன்."

திங்கட்கிழமை மத்தியானம் கடை நிரம்பிவிட்டது. பாதிப் பேர் பசியில் வந்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மிக்கேல் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, தட்டுக்குத் தட்டு ஒரு இஞ்செராவை விரித்து நீட்டினான். மேஜையில் வரிசையாக முழு முட்டை மிதக்கும் சிவப்புக் கோழிக் குழம்பு, மசூர் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலை மாவுக் கூட்டு. ஒரு கூடையில் கூடுதல் இஞ்செராவைச் சுருட்டி அடுக்கியிருந்தான். சோறு மட்டும் இல்லை. சோறு வைத்தால் ஒருத்தனும் இஞ்செராவைத் தொடமாட்டான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

ஜெயமணி தலையாட்டியிருந்தாள். தலையாட்டிவிட்டு, பின்பக்க அடுப்பில் ஒரு பானைச் சோறு வடித்து மூடியும் வைத்திருந்தாள். அது அவளுக்கும் பாத்திரம் கழுவும் ராசம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

முதலில் வந்தவர் பஜாரில் ஆட்டோ சாமான் விற்கும் தாஸ் பாபு. கூடையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. பெரிய ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு முன்னால் ஈரத் துண்டு கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். விரித்து, முகத்தைத் துடைத்து, கழுத்தையும் துடைத்து, "வாஹ், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று மேஜையில் மடித்து வைத்தார். மிக்கேல் அந்தப் பக்கம் பார்க்காதது ஆண்டவன் புண்ணியம்.

அடுத்து சண்முகம் சார். டெலானிபூர் ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டெண்டன்ட். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவார். தட்டை வாங்கி, விரித்திருந்த இஞ்செராவைக் கூர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற ஆபீஸ்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"இது என்ன சார்?"

"இலைய்யா. அந்த நாட்டுல வாழை கிடையாது, மழையே இல்லையே. அதனால மாவுல இலை செஞ்சு போடுறாங்க. நம்ம ஊர்ல பிளாஸ்டிக்கைத் தடை பண்ணிட்டுப் பாக்குமட்டைத் தட்டு குடுக்கிறானே, அதே கான்செப்ட். எக்கோ ஃப்ரெண்ட்லி."

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். டம்ளரிலிருந்து கையில் தண்ணீர் எடுத்து இஞ்செராமேல் தெளித்து, புறங்கையால் வழித்துத் தள்ளினார். அவர் தெளித்ததும் வரிசையாக எல்லாரும் தெளித்தார்கள். மேஜைக்குப் பின்னால் மிக்கேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்நிய தேசத்தில் இருந்து இருந்து, நம் ஆட்கள் இலையைக் கண்டால் என்ன செய்வார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

கோழிக் குழம்பு ஒரு நொடியில் எடுபட்டது. பருப்பு எடுபட்டது. முட்டைக்குச் சின்னதாக ஒரு தகராறே நடந்தது. பிறகு எல்லாரும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"தீதி, சாவல் கஹாங் ஹை?" என்று சோற்றைத் தேடினார் தாஸ் பாபு.

"ஆமாக்கா, கறி எல்லாம் வந்தாச்சு. சோறு வரட்டும்" என்றார் சண்முகம்.

"சோறு கிடையாது சார்" என்றாள் ஜெயமணி.

"அரே, டயட் சாப்பாடுய்யா" என்று சண்முகம் விளக்கம் சொன்ன பிறகுதான் கூட்டம் சமாதானமாகி, குழம்பை வெறுமனே வழித்துச் சாப்பிட்டது. இரண்டாம் முறையும் போய் எடுத்து வந்தார்கள். விரலை நக்கினார்கள். கடைசியில் சண்முகம் ஒரு ஏப்பம் விட்டு, இஞ்செராவை மேலிருந்து தன் பக்கமாக மடித்து மூடினார். தட்டுத் தட்டாக எல்லாரும் மூடினார்கள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு கடி இல்லை.

மிக்கேல் அதைப் பார்த்தான். மூன்று நாள் அவன் கண்விழித்துக் காத்த மாவு, எச்சில் இலையாகத் தட்டில் கிடந்தது. தொப்பியைக் கழற்றினான். பின்பக்கம் போய், காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்தான்.

ராசம்மா ஜெயமணியின் காதருகே வந்தாள். "அக்கா, சோத்தை இறக்கட்டுமா? அண்ணனைப் பாக்கச் சகிக்கல. இவங்களாவது வயிறு நிறையத் தின்னுட்டுப் போகட்டும்."

ஜெயமணி பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவன் கையில் போன் இருந்தது. முதலாளியின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. சோற்றை இறக்கினால் கடை பிழைத்துவிடும். இவன் நாளைக்கே விமானம் ஏறிவிடுவான்.

"ராசம்மா, எல்லாரும் எந்தப் பக்கமா மூடியிருக்காங்க?"

"தன் பக்கமாத்தான். ஏன்க்கா?"

"சாவு விழுந்த துட்டி வீட்டுல சாப்பிட்டவன்தான் எதிர்ப் பக்கமா மூடுவான். இவங்களுக்கு மனசு நிறைஞ்சிருக்குடீ. இந்த மனுசனுக்குத்தான் அது தெரியல. சோத்துப் பானையைத் தொட்ட, கொன்னுருவேன்."

தட்டு ஒன்றை எடுத்தாள். தானே ஒரு இஞ்செராவை விரித்து, சட்டியின் அடியில் கிடந்த கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, கஸ்டமர்கள் பெஞ்சில், சண்முகத்துக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அங்கே உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. இஞ்செராவின் ஓரத்தை ஒரு கிழி கிழித்தாள்.

"அக்கா! இலைக்கா அது!" என்று பாதி எழுந்துவிட்டார் சண்முகம்.

"ஆமா சார். எங்க கடையில இலையையும் சேர்த்துத்தான் சாப்பாடு."

குழம்பை அள்ளி வாயில் வைத்தாள். குமட்டினாலும் சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவது என்ற முடிவோடுதான் வைத்தாள். குமட்டவில்லை. அந்தப் புளிப்பு குழம்பின் காரத்தை அப்படியே தாங்கி, நாக்கில் ஏற்றி, இன்னொரு வாய் கேட்டது. எழவு, நல்லாத்தான் இருக்கு என்று அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக இந்த ஆள் பொய் சொல்லவில்லையே என்று அதைவிடக் கோபம் வந்தது. இன்னொரு துண்டு கிழித்தாள். அதற்குப் பிறகு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கடை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகம் இடமும் வலமும் பார்த்தார். பிறகு, தமிழன் எவனும் பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். மூடிய இலையைத் திறந்தார். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "கடைசியில சாப்பிடணும்னுதான் மூடி வச்சேன். சூடு ஆறக்கூடாதுல்ல?"

அதற்குப் பிறகு கடையில் தட்டுகள் மளமளவென்று திறந்தன. குழம்பு ஊறிய இடத்துக்குத்தான் ருசி அதிகம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். தாஸ் பாபு மட்டும் மேஜையில் தான் மடித்து வைத்த துண்டை வெகுநேரம் பார்த்தார். யாரும் கவனிக்காதபோது அதைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கூடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னும் ரெண்டு இலை!" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் போனது.

மிக்கேல் வெளியே வந்தான். கிழிபடும் இஞ்செராக்களைப் பார்த்தான், பெஞ்சில் குழம்புக் கையோடு உட்கார்ந்திருக்கும் பொண்டாட்டியைப் பார்த்தான். கண் கலங்கி நின்றான்.

"என்ன முழிக்கீங்க? ஊட்டுற வழக்கம் ஒண்ணு சொன்னீங்களே, எங்க அது?"

"கையை உடைச்சிருவேன்னியே!"

"எவன் வாயிலயாவது வச்சாத்தான்னு சொன்னேன்."

அவன் ஒரு பெரிய துண்டைக் கிழித்து, கோழியையும் குழம்பையும் வைத்து உருட்டினான். அபர்தீன் பஜார் பார்க்க, ஜெயமணி வாயைத் திறந்தாள். "வாஹ் தாதா!" என்று தாஸ் பாபு கை தட்டினார். இரண்டாம் வாயையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதற்கு அவன் கை வந்தபோது வாயை மூடிக்கொண்டாள்.

"மூணு வாய் குடுக்கணும், ஜெயமணி. அதான் முறை."

"அது நாளைக்கு."

"நாளைக்கு மாவு ஏது? புதுசாக் கரைச்சாலும் புளிக்க மூணு நாள் ஆகும்."

"அப்ப வியாழக்கிழமை. நான் எங்கயும் போகப்போறதில்ல. நீங்க?"

மிக்கேல் உள்ளே போய் அண்டாவைக் கழுவி, மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கரைக்க ஆரம்பித்தான். அப்போது அவன் போன் அடித்தது. ஜெயமணி எடுத்தாள். முதலாளிதான். மிக்கேல் எப்போது கிளம்புகிறான் என்று கேட்டார். அவர் வரமாட்டார் என்று தீவு இந்தியில் சொன்னாள். ஏன் என்று கேட்டார்.

"நான் விடமாட்டேன்" என்றாள், அவனுக்கும் கேட்கும்படியாக.